வான் வண்டியில் காஸ்: சிலிண்டரை விட ஓஸைப் பாருங்கள்

பழைய வானுக்குள் படுக்கையும் இரட்டை அடுப்பும் பூட்டி ஊர் சுற்றத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கேட்பவர்கள் எல்லாரும் எத்தனை கிலோ சிலிண்டர் என்றுதான் தொடங்குவார்கள். 12.5 கிலோ வேண்டாம், இரும்பின் பாரமே முதுகை முறிக்கும். 2.3 கிலோ தேத்தண்ணிக்குச் சரி, நாலு பேருக்குச் சோறு கறி என்றால் காணாது. நான் வைத்திருப்பது 5 கிலோவில் இரண்டு, ஒன்று பாவிக்க, மற்றது கையிருப்புக்கு. இலங்கையில் காஸ் விற்கும் கம்பனிகளில் லிட்றோவா லாஃப்ஸா என்று முதலே முடிவெடுங்கள், ஒன்றின் ரெகுலேற்றர் மற்றதில் ஏறாது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 20 இறாத்தல் புரோப்பேன் தாங்கிக்குரிய இணைப்புகளை ஒன்லைனில் எடுக்காதீர்கள், காசுதான் வீண். நம்மூர்ச் சிலிண்டரின் வால்வே வேறு, உள்ளே இருப்பதும் புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரோப்பேன் −42 பாகையிலேயே ஆவியாகிவிடும், பியூட்டேனுக்குப் பூச்சியத்துக்குக் கிட்ட வேண்டும். யாழ்ப்பாண வெயிலில் இது ஒரு விஷயமே இல்லை. நுவரெலியா விடியற்குளிரில், அதுவும் அடிக்குப் போன சிலிண்டர் என்றால், நெருப்பு சோர்ந்து போகும். காஸ் முடிந்தது என்று உடனே மாற்ற வேண்டாம், வெயில் ஏற அதுவும் எழும்பும்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது சிலிண்டரிலிருந்து அடுப்புக்குக் காஸ் போகும் ஓஸும் அதை இறுக்கும் கிளிப்பும்தான். காரைநகர் கசூரினா கடற்கரையில் இரண்டு இரவு நின்றால் போதும், உப்புக்காற்று மலிவான கிளிப்பின் திருகாணியில் முதலில் வெள்ளையாகப் பூக்கும், பேந்து செம்மண் நிறத்தில் உதிரும், கடைசியில் ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கவே இடமிருக்காது. துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஓஸை மடித்துப் பாருங்கள், மேலே மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடினால் இறுக்கிய பூட்டும் தளரும், அதனால் வானை நிறுத்தியதும் எனக்கு முதல் வேலை சவர்க்காரத் தண்ணி தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது (நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்!). ஓடும்போது ரெகுலேற்றர் மூடித்தான் இருக்கும், சிலிண்டரும் நிமிர்த்திப் பட்டி போட்டுக் கட்டியபடி.

அடுப்பு பூட்டித் தந்த கராஜில், ஜன்னல் இருக்குத்தானே, பிறகென்ன என்றார்கள். காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையோடு தரையாகத்தான் தங்கும். கெஞ்சாத குறையாகக் கேட்டுத்தான் சிலிண்டர்ப் பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கும் துளைகள் போடுவித்தேன். பூச்சி ஏறாமல் வலை அடித்தால் சரி, ஆனால் சேறு அடைக்கும், அதை அடிக்கடி துடைக்க வேண்டும்.