பைலட் தெரிவுத் தேர்வுக்கு எந்த ஸ்டிக் வாங்கலாம்? பெடல், ஹெட்போன், தீப்பெட்டி வரை ஒரு மதிப்பீடு

விமானப்படைக் கெடெட் விண்ணப்பம் எப்போது வரும் என்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கும் உயர்தர மாணவர்கள் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் எந்த வருடமும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது அமெரிக்கத் தேர்வுகளுக்கென்று அச்சிட்ட தடித்த கேள்விப் புத்தகம். அடுத்தது, கையில் கிடைத்த ஏதாவது ஒரு ஜாய்ஸ்டிக். புத்தகத்தில் பாதி நமக்கு உதவாது, ஸ்டிக்கில் பாதி பாவிக்கப்படாமலே கிடக்கும். லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற இரண்டு ஸ்டிக்குகளையும், த்ரஸ்ட்மாஸ்டரின் டி.எஃப்.ஆர்.பி. ரடர் பெடலையும் (ரடர் என்பது விமானத்தின் மூக்கை இடம்-வலம் திருப்புவது), ஃப்ளைட்கியர் என்ற, கணினியில் விமானம் ஓட்டும் இலவச மென்பொருளையும் ‘தேர்வுக்கு உதவுமா’ என்ற ஒரே கண்ணால் இங்கே பார்க்கிறோம். விளையாட்டுக்கு எது நல்லது என்பது வேறு கதை.

முதலில், கை என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பார்ப்போம். அமெரிக்க விமானப்படையின் டி.பாஸ் சோதனையில் கையில் ஸ்டிக், காலில் பெடல். நகரும் இலக்கை விட்டு விலகாமல் பின்தொடரவேண்டும். பிறகு கையும் காலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு இலக்கைத் துரத்தவேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ஏ.எஸ்.டி.பி. தேர்வில் வலக்கை ஸ்டிக்கிலும் இடக்கை த்ரொட்டிலிலும் (இயந்திர வலுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) இருக்க, காதில் எழுத்தும் இலக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தியாவின் பழைய பி.ஏ.பி.டி. தேர்விலும் ஸ்டிக்கும் பெடலும் இருந்தன. அதில் ஒருமுறை தவறினால் ஆயுளுக்கும் மறு வாய்ப்பு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அந்நாட்டுப் படைகளில் அதிகாரியாக முடியாது, ஆகவே அந்தத் தேர்வுகளை நம் பிள்ளைகள் எழுதப்போவதில்லை. ஆனால் அவற்றின் வடிவமும் நேரக்கணக்கும் விவரமாக வெளிவந்திருப்பதால் பயிற்சிக்கு அவைதான் வசதியான அளவுகோல். திருகோணமலைச் சீனக்குடாவில், நம் விமானப்படைப் பயிற்சித் தளத்தில், விமானத்தில் ஏறப்போகிறவருக்கும் இதே கையும் காதும்தான் வேண்டும்.

இனி ஸ்டிக். டி.16000எம் வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் போதும்: முன்-பின், இடம்-வலம் இரண்டு அச்சுகளையும் அது காந்தத்தால் அளக்கிறது. ஹோல் சென்சர் என்பார்கள். உரசித் தேய ஒன்றும் இல்லாததால் நடுப்புள்ளி நடுவிலேயே நிற்கும். இலக்கைப் பின்தொடரும் பயிற்சியில் நாம் அசைப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன அசைவு திரையில் அப்படியே வரவேண்டும். நடு தளர்ந்த ஸ்டிக்கில் முதல் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். அதில் பழகிய கை கூடுதலாகத் தள்ளவே பழகிவிடும். தேர்வு அறையில் உள்ள நல்ல ஸ்டிக்கில் அதே தள்ளு தள்ளினால் குறி இலக்கைத் தாண்டி ஓடும். டி.16000எம்மின் கைப்பிடித் துண்டுகளைக் கழற்றி மாற்றலாம் என்பதால் இடக்கைக்காரருக்கும் பொருந்தும். ஆனால் தேர்வில் ஸ்டிக் வலப்பக்கம் இருக்குமென்றால் வலக்கையாலேயே பழகுங்கள், சலுகை தேடவேண்டாம்.

லொஜிடெக் வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டது. 12 பொத்தான், உச்சியில் எட்டுத் திசை ஹட் (பெருவிரலால் தள்ளும் குட்டிப் பொத்தான்), கைப்பிடியைத் திருகினால் ரடர், அடியில் த்ரொட்டில் நெம்பு. அடிப்பாகம் கனமாக இருப்பதால் மேசையில் நன்றாக உட்காரும். விலை குறைவு, பாவித்தது கிடைப்பதும் சுலபம். ரடருக்குப் பெடல் இல்லாமல் திருகியே சமாளிக்க நினைப்பவருக்கு இது போதும். ஆனால் இங்கே ஒரு விஷயம். திருகும் ரடர் கையின் வேலை, பெடல் காலின் வேலை. கையும் காலும் பிரிந்து வேலை செய்வதைத்தான் அந்தச் சோதனைகள் பார்க்கின்றன. திருகி ஆயிரம் மணிநேரம் பறந்தாலும் கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

பாவித்த ஸ்டிக் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஐந்து நிமிடம் சோதிக்கவேண்டும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் விடுங்கள். சிலுவைக்குறி நடுவில் அசையாமல் நிற்கவேண்டும். மூலைக்கு மூலை மெதுவாகத் தள்ளி விடுங்கள். பத்துத் தடவை விட்டால் பத்துத் தடவையும் அதே இடத்துக்கு வருகிறதா? பிறகு கைப்பிடியை மிக மெதுவாகத் திருகி, அதற்கான பட்டையைப் பாருங்கள். சீராக ஏறாமல் துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே திருகை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (உரசி அளக்கும் சென்சர்) அழுக்கேறியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. உப்புக்காற்று வீசும் ஊரில் இது சீக்கிரம் வரும். கொன்டக்ட் கிளீனர் அடித்தால் அழுக்கு போகும், தேய்மானம் போகாது. கடைசியில் டிரிகரை இருபது தடவை அழுத்துங்கள். ஒரு அழுத்துக்கு இரண்டு தடவை விளக்கு எரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள், பின்னால் சொல்லும் காதுப் பயிற்சியில் இரட்டை எண்ணுக்கெல்லாம் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தப்போகிறீர்கள்.

பெடலைப் பற்றிப் பேசினால் சைக்கிளைப் பற்றிப் பேசாமல் முடியாது. சைக்கிள் ஹாண்டிலில் இடக்கையை முன்னால் தள்ளினால் சில்லு வலப்பக்கம் திரும்பும். விமானத்தில் இடது பெடலை முன்னால் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் போகும். ஆறு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டிய உடம்புக்கு இது தலைகீழ். அவசரத்தில் பழைய பழக்கம்தான் முந்தும். இந்த ஒன்றுக்காகவே டி.எஃப்.ஆர்.பி. போன்ற ஒரு சாதாரண பெடல் தகுதியான செலவு. விலையுயர்ந்த உலோகப் பெடல் தேவையில்லை. குறை ஒன்றுண்டு: இலகுவானது, டைல்ஸ் நிலத்தில் வழுக்கும். பெடலுக்கு முன்னால் சுவரோ ஒரு மரச்சட்டமோ தடுப்பாக இருக்கட்டும், அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் இரண்டு. சில்லு வைத்த கதிரை கூடவே கூடாது, காலை அழுத்தினால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள். நாலு கால் கதிரை, வெறுங்கால், குதிகால் ஊன்றியபடி. பெடல் பூட்டியதும் ஸ்டிக்கின் திருகு அச்சை நிறுத்திவிடுங்கள். டி.16000எம்மில் திருகையே பூட்டும் வசதி உண்டு, மற்றதில் மென்பொருளில் நீக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து ரடரை இழுத்தால் மூக்கு தன்பாட்டில் ஆடும், பிழை எங்கே என்று தேடியே நாள் போய்விடும்.

ஃப்ளைட்கியர் இலவசம், திறந்த மூல மென்பொருள். பழைய லாப்டொப்பிலும் முப்பரிமாண முகிலையும் நிழலையும் நிறுத்திவிட்டால் ஓடும். நிலக்காட்சியை இணையத்திலிருந்து பறக்கும்போதே இறக்குவதால், டேட்டா குறைவானவர்கள் ஒரே பாதையைத் திரும்பத் திரும்பப் பறப்பது நல்லது. ஒருமுறை இறங்கியது கணினியிலேயே இருக்கும். ஜாய்ஸ்டிக் அமைப்புப் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகவேண்டும், த்ரொட்டிலை முன்னால் தள்ளினால் இயந்திரம் கூடவேண்டும் (சிலதில் தலைகீழாக வரும், இன்வெர்ட் செய்யுங்கள்), டெட் பாண்ட் (நடுவில் ஸ்டிக்கை அசைத்தாலும் ஒன்றும் நடக்காத இடைவெளி) பூச்சியம் அல்லது அதற்கு மிக அருகில். அதைக் கூட்டிவைத்தால் நல்ல சென்சருக்குக் கொடுத்த காசு தண்ணீரில் போட்டது மாதிரி.

இனிப் பாதை. மட்டக்களப்பு ஓடுபாதையிலிருந்து சீனக்குடாவுக்கு நேர்கோடு போட்டால் திசை சுமார் 330 பாகை, தூரம் சுமார் 58 கடல் மைல். கோடு வாழைச்சேனை, வாகரைக் கரையை ஒட்டியே போகும், வலப்பக்கம் கடல். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை 3,000 அடியில், இயந்திரத்தை நிமிடத்துக்கு 2,300 சுற்றில் வைத்தால் வேகம் 100 நொட்டுக்கு (மணிக்கு 100 கடல் மைல்) அருகே நிற்கும். 35 நிமிடத்தில் சீனக்குடாவை ஒட்டிய கொட்டியாரக் குடா. அந்த 35 நிமிடமும் உயரம் 50 அடிக்கு மேல் விலகக்கூடாது, திசை 5 பாகைக்கு மேல் விலகக்கூடாது. சலிப்பான வேலை. சலிப்பில்தான் பலன் இருக்கிறது. அது கைவந்ததும் திரும்பும் பயிற்சி: செக்கனுக்கு 3 பாகை வீதம் திரும்பினால் முழு வட்டம் 2 நிமிடம். 100 நொட்டில் அதற்குச் சரிவு 15 பாகை அளவு. சரிந்ததும் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுவதால் மூக்கு தாழும், ஸ்டிக்கை மயிரிழை பின்னால் இழுக்கவேண்டும். பெரும்பாலானோர் உயரம் 100 அடி இறங்கிய பிறகுதான் இழுக்கிறார்கள், அதுவும் அளவுக்கு மிஞ்சி. விமானம் ஏறும், உடனே தள்ளுவார்கள், இறங்கும். இந்த ஊஞ்சலுக்கு மருந்து: தேவை என்று தோன்றுவதில் பாதி அசைத்து, ஒரு செக்கன் பொறுத்து, நடுவுக்கு விடுவது. கைப்பிடியை விரல் நுனியால் பிடித்தால் இது தானாக வரும். முஷ்டி பிடித்தால் வராது.

திரும்பிவரும் திசையை மனதில் கணக்கிடப் பழகுங்கள். 200க்கு மேலென்றால் 200 கழித்து 20 கூட்டு, இல்லையென்றால் 200 கூட்டி 20 கழி. 330க்கு 150. அம்பாறை ஓடுபாதை மட்டக்களப்பிலிருந்து சுமார் 188 பாகை, 22 கடல் மைல். திரும்பிவர 188க்கும் அதே விதி எதிர்ப்பக்கமாக, 20 கழித்து 168, அதில் 200 கூட்டினால் 368, முழு வட்டமான 360ஐக் கழித்தால் 8. அந்த அமெரிக்கத் தேர்வுகளில் ஆளில்லா விமானத்தின் கமராப் படத்தைக் காட்டி ‘தெற்கு வாகனத் தரிப்பிடம் எது’ என்று கேட்கும் கேள்விக்கும் இதே திசைப் புத்திதான். விமானம் கிழக்கே போனால் படத்தின் மேற்பக்கம் கிழக்கு, வலம் தெற்கு, இடம் வடக்கு. நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பிப் பார்க்காமல் இரண்டு செக்கனில் சொல்ல வரவேண்டும்.

ஹெட்போனுக்குப் பெரிய செலவு வேண்டாம். இரண்டு காதும் தனித்தனியாகக் கேட்டால் சரி. ஒரு காது செத்த ஹெட்போனில் இந்தப் பயிற்சி இல்லை. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒருவர் குரலை இடக்காதுக்கும் இன்னொருவர் குரலை வலக்காதுக்கும் பிரித்துப் பதியலாம். எழுத்தும் இலக்கமும் கலந்து, செக்கனுக்கு ஒன்றாக ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். இடக்காதில் இரட்டை எண் வந்தால் டிரிகர், ஒற்றை எண் வந்தால் மற்றப் பொத்தான், வலக்காதில் வருவதைக் கண்டுகொள்ளக்கூடாது. தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு இங்கேதான் வழுக்கும். ‘செவன்’ என்று கேட்டதை ஏழாக்கி, ஏழு ஒற்றை என்று முடிவெடுத்து அழுத்துவதற்குள் அடுத்தது வந்துவிடும். எண் அறிவில் குறை ஒன்றும் இல்லை, நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்புத்தான் நேரத்தைத் தின்கிறது. கிரிக்கெட் ஸ்கோரை ஆங்கில வர்ணனையில் கேட்டு ஒற்றையா இரட்டையா என்று விரலால் தட்டிப் பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் அந்த மொழிபெயர்ப்பு விலகிவிடும். பிறகுதான் ஸ்டிக்கையும் இதையும் சேர்க்கவேண்டும். முதல் நாளே சேர்த்தால் இரண்டும் கெடும். ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். மணிக்கட்டு களைத்த பிறகு பழகுவதெல்லாம் களைத்த கையின் பழக்கம்.

கடைசியாகப் புத்தகம். அமெரிக்க விமானப்படையின் ஏ.எஃப்.ஓ.க்யூ.டி. தேர்வுக்கான புத்தகத்தில் ஆங்கிலச் சொல்வளப் பகுதியை விட்டுவிட்டு மூன்று இடத்தில் மட்டும் உட்காருங்கள். அட்டவணை வாசிப்பு: 7 நிமிடத்தில் 40 கேள்வி. கட்டை எண்ணுதல்: நாலரை நிமிடத்தில் 30, அதாவது ஒன்றுக்கு 9 செக்கன். எண்ணிட்ட கட்டையை எத்தனை கட்டைகள் தொடுகின்றன என்பதே கேள்வி, பின்னால் மறைந்திருப்பதும் சேர்த்தி. இதற்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சி செய்வதைவிட இருபது தீப்பெட்டி வாங்கி, நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, ஒன்றை உருவி எடுத்து, அது எதையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தது என்று பார்ப்பது மேல். முகத்தோடு முகம் பட்டால் தொடுகை, மூலை பட்டால் இல்லை.

மூன்றாவது, கருவி வாசிப்பு: 5 நிமிடத்தில் 25. திசைகாட்டியையும் செயற்கை அடிவானத்தையும் (விமானத்தின் சரிவையும் மூக்கு மேலா கீழா என்பதையும் காட்டும் கருவி) பார்த்து, எந்த விமானப் படம் பொருந்தும் என்று சொல்லவேண்டும். விமானம் வலப்பக்கம் சரிந்தால் கருவியில் அடிவானக் கோடு இடப்பக்கம் சரிந்து தெரியும். கோடு குட்டி விமானத்துக்கு மேலே நின்றால் மூக்கு கீழே. வடக்கே போகும் விமானத்தின் வால் நமக்குத் தெரியும், தெற்கே போவது நம்மை நோக்கி வரும். பிள்ளைகள் புள்ளி இழப்பது அநேகமாக இந்தத் தெற்கில். எதிரே வரும் விமானத்தின் வலச் சிறகு நம் இடப்பக்கம் இருப்பதால், அது வலம் சரிந்தால் படத்தில் நம் இடப்பக்கச் சிறகுதான் தாழ்ந்திருக்கும். கடதாசி விமானம் ஒன்றை மடித்து, வலச் சிறகில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு மேசையில் வையுங்கள். தெற்குக் கேள்வி வரும்போதெல்லாம் மூக்கை உங்கள் பக்கம் திருப்பி, சிவப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். எடுத்துப் பார்க்காமலே சிவப்பு எங்கே என்று தெரியும் வரை அது மேசையில் இருக்கட்டும்.