பெயின்ட் அடித்த பொம்மையா, அடிக்காததா?

ஹெச்ஓ (HO) என்ற வகை மாடல் ரயிலின் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 170 செ.மீ. உயரமுள்ள ஆள் அதில் 2 செ.மீ.கூட வரமாட்டார். மாடல் பிளாட்பாரத்தில் ஒரு வேடிக்கைக் காட்சி வைத்தால், அவர் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை. கையும் முதுகும் நிற்கிற விதமும்தான் சிரிக்கவைக்க வேண்டும்.

ஜெர்மனியின் ப்ரைசர், நோக் நிறுவனங்களின் பெயின்ட் அடித்த பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிடலாம். வேலை சுத்தம். ஆனால் உங்கள் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள், அதே பெட்டியை வாங்கிய எல்லோர் வீட்டிலும் அதே மாதிரிதான் நிற்பார். வெட்டி மாற்றினாலோ, வெட்டிய இடத்தில் பெயின்ட் போய்விடும்.

ப்ரைசர் விற்கும் பெயின்ட் அடிக்காத பொம்மைகள் விஷயமே வேறு. பொம்மை ஒன்றுக்கு விலை குறைவு, அதனால் பிளேடு வைக்கத் தயக்கம் வராது. கையசைத்து வழியனுப்பும் ஒருவரின் கையைத் தோளோடு வெட்டி, முன்னால் நீட்டி, பிளாஸ்டிக் பசையால் ஒட்டினேன். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்ததும், கிளம்பிய ரயிலைத் துரத்துகிறவர் ஆகிவிட்டார். பின்னால் திறந்துகிடக்கும் சூட்கேஸ், டிஷ்யூ பேப்பரில் நறுக்கிய சட்டைகள். அப்புறம் ஒரு நாய், வாயில் சிவப்பு சாக்ஸ். பார்க்க வருகிறவர்கள் முதலில் ஆளைத்தான் பார்ப்பார்கள். நாயைக் கண்டுபிடிக்கும்போதுதான் சிரிப்பு வரும்.

சரி, எதை வாங்குவது? சுற்றி நிற்கும் கூட்டத்துக்குப் பெயின்ட் அடித்தது போதும். கதைக்கு நடுவில் நிற்கும் அந்த ஒருவரை மட்டும் நீங்களே வெட்டி ஒட்டிச் செய்யுங்கள். ஒரு பிளாட்பாரத்துக்கு ஒரே ஒரு வேடிக்கை வையுங்கள். மற்றவர்கள் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கட்டும்.