மியூசியமா, கொட்டாரமா? களியக்காவிளையிலிருந்து இரண்டு திசை

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் வீடு இருந்தால் பள்ளி விடுமுறைக்கு உறவுக்காரர்கள் கட்டாயம் வருவார்கள். இந்தத் தடவை மதுரையிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்களின் பதினொரு வயது மகன், ஐந்து வயது மகள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததுமே அண்ணன் கேட்டார்: "நாளைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" வடக்கே பஸ் ஏறினால் திருவனந்தபுரம். தெற்கே ஏறினால் தக்கலை, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது பழைய திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனை. தூரம் என்று பார்த்தால் தக்கலைதான் கொஞ்சம் பக்கம். திங்கட்கிழமை மட்டும் எந்தப் பக்கமும் போகாதீர்கள். இரண்டு இடத்துக்கும் அன்று விடுமுறை.

நகரம் என்பதால் எல்லோருக்கும் முதலில் திருவனந்தபுரம்தான் தோன்றும். நாங்கள் இரண்டு நாள் ஒதுக்கி இரண்டையும் பார்த்தோம். அதன் பிறகு என் எண்ணம் இது: ஐந்தாறு வயதுப் பிள்ளை கூட இருந்தால் திருவனந்தபுரம் மியூசியம் வளாகம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், யோசிக்கவே வேண்டாம், கொட்டாரம்.

மியூசியம் வளாகத்தைப் பழைய ஆட்கள் இன்னமும் 'காழ்ச்ச பங்களா' என்பார்கள். ஒரே மதிலுக்குள் மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், ஓவியக்கூடம் எல்லாம் இருப்பது குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வசதி! ஒருவருக்குக் கால் வலித்தால் மரத்தடியில் உட்காரலாம், மற்றவர்கள் அடுத்ததைப் பார்த்துவிட்டு வரலாம். மிருகக்காட்சி சாலை 1859இல் பொதுமக்களுக்குத் திறந்தது, நாட்டின் மிகப் பழையவற்றில் ஒன்று. மரங்கள் அடர்ந்து நிழலாக இருக்கும். காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் புலியும் சிங்கமும் படுத்துவிடும், செல்போனில் பாய்கிற புலியைப் பார்த்துப் பழகிய பிள்ளை ஏமாந்துபோகும். எங்கள் சின்னவளுக்கு நீர்யானை வாயைத் திறந்ததே போதுமானதாக இருந்தது. திரும்பி வரும்வரை அதே பேச்சுதான்.

நேப்பியர் மியூசியத்தில் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். வெண்கலச் சிலைகளும் தந்த வேலைப்பாடுகளும் பெரியவர்களை நிற்கவைப்பவை. கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டிய சிலையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் பிள்ளைக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஆனால் கட்டடம் வேறு விஷயம். 1880இல் முடிந்த கட்டடம், வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவேலைதான். கேரளக் கோயிலின் சரிந்த கூரையையும் வண்ண வண்ணச் செங்கல் கோலங்களையும் சேர்த்து, காற்று தானாக உள்ளே வந்து வெளியேறும்படி கட்டியிருக்கிறார். பெரியவனிடம் "காற்று எங்கேயிருந்து வருது, கண்டுபிடி" என்று சொன்ன பிறகுதான் அவன் தலை நிமிர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்தான்.

அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களுக்கென்று 2023இல் தனிக்கூடம் திறந்திருக்கிறார்கள். அண்ணிக்கு அந்த நாளில் மிகவும் பிடித்தது அதுதான். நம் வீட்டுப் பூஜையறைக்கு அச்சுப் படமாக வந்துசேர்ந்த சரஸ்வதியையும் லட்சுமியையும் வரைந்தவரின் தூரிகையை நேரில் பார்க்கும்போது, சேலைச் சரிகையின் பளபளப்பு எப்படி வந்தது என்று கிட்டப்போய்ப் பார்க்கத் தோன்றுகிறது.

மறுநாள் கொட்டாரம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகளைப் பிடித்து இழுத்தது முதலில் அதுதான் என்று நினைக்கிறேன், வெறுங்காலில் பட்ட அந்தத் தரையின் குளிர்ச்சி. கறுப்பாக, கண்ணாடி போல முகம் தெரிகிற தரை. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்பார்கள். பெரியவன் குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னலுக்கு அபிரகத் (மைக்கா) தகடு, அதன் வழியாக வெளிச்சம் கண்ணைக் கூசாமல் வடிகட்டி வருகிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரை, இன்னும் ஓடுகிற பழைய மணிக்கூடு, தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் குடைந்து செய்த தூண். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. இங்கே வீடே காட்சிப்பொருள். "ராஜா இங்கேதான் உட்கார்ந்தாரா?" என்று பிள்ளை தானாகக் கேட்கிறது. மியூசியத்தில் நான் எதிர்பார்த்துக் கிடைக்காத கேள்வி அது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பி, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் இன்றைய உருவத்துக்கு வந்த மாளிகை இது. அந்த நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் இருக்கிறது. "தமிழ்நாட்டுக்குள்ளே கேரளா எப்படி சித்தப்பா?" என்று பெரியவன் கேட்டான். எங்கள் ஊர்க் கதையை அவனுக்குச் சொல்ல அதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அங்கேயே ஒரு திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம்.

குறையும் உண்டு. படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்ந்தவை. முட்டி வலி உள்ள பெரியவர்கள் மேலே ஏற முடியாது. ஓடியாடும் வயதுப் பிள்ளைக்கு உள்ளே வேலையே இல்லை. சின்னவள் பாதியிலேயே அண்ணியின் தோளில் தூங்கிவிட்டாள். அப்படி ஆனால் பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குப் போய்விடுங்கள். மரமும் திறந்தவெளியும் இருக்கிறது, 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாயின் கல்லறையும் அங்கேதான்.

திருவனந்தபுரத்தில் கொட்டாரம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கிழக்கேகோட்டையில் குதிரமாளிகை. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டியது, கூரையடியில் 122 மரக்குதிரைகள். ஒரு மணி நேரத்துக்கு மிக நல்ல இடம். ஆனால் பத்மநாபபுரம் பார்த்துவிட்டு அங்கே போனால் சின்னதாகத் தெரியும். முதலில் குதிரமாளிகை, அப்புறம் பத்மநாபபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்த பிறகு விடுமுறைக் கூட்டம் அங்கேதான். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எதிர்பார்ப்பைத் தாண்டி நின்ற இடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் இருக்கும் விண்வெளி மியூசியம். 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய ஊர் அது. மீனவர்கள் ஜெபித்த மகதலேன் மரியாள் தேவாலயமே முதலில் ராக்கெட் வேலைக்கூடமாகி, இன்று மியூசியமாக நிற்கிறது. மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மற்ற எதையும் விட்டுவிட்டு இதற்குப் போகலாம். அனுமதி விவரத்தை முன்கூட்டியே கேட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

பெரியவன் ஊருக்குப் போகும் முன் நவராத்திரித் தேதியைக் குறித்துக்கொண்டான். அப்போதுதான் பத்மநாபபுரம் சரஸ்வதி யானை மேலேறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி, குதிரமாளிகையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்துக்குப் போவாள். "அதைப் பார்க்க நான் தனியாவே பஸ் ஏறி வந்துருவேன் சித்தப்பா" என்றான். அண்ணி இன்னும் சரி என்று சொல்லவில்லை.