கிளினிக்கல் ஹிப்னாஸிஸ் பயிற்சி: ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன்

சான்றிதழ் வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஆஹா ஓஹோ என்று எழுதியிருப்பேன். கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹிப்னாஸிஸை (மனவசியத்தை) சிகிச்சைக்குப் பயன்படுத்தச் சொல்லித்தரும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

முழுசாகப் பிடித்தது செய்முறை வகுப்புதான். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் இன்டக்‌ஷன் (பேச்சால் ஹிப்னாஸிஸ் நிலைக்குக் கொண்டுபோவது) கொடுப்பார், ஒருவர் வாங்கிக்கொள்வார், மூன்றாமவர் சும்மா பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது நாற்காலியில்தான் அதிகம் கற்றேன். தோள் இறங்குவது, மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்குப் போவது, இமை லேசாகத் துடிப்பது, இதெல்லாம் கண்ணில் படப் பல நாள் ஆனது. இன்றைக்கு ஹிப்னாஸிஸே செய்யாத செஷனிலும் அந்தப் பார்வை உதவுகிறது.

குறை என்றால் ஸ்கிரிப்ட், அதாவது எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டிய வாசகங்கள். எல்லாமே ஆங்கிலம். "உங்கள் இமைகள் கனமாகின்றன" என்று அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் மேடைப்பேச்சு கேட்பதுபோல விறைப்பாகிவிடுவார். "கண்ணு சொக்குதா... சொக்கட்டும்" என்றால் போதும், இமை தானாக இறங்கும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை, இரண்டு வருடம் தட்டித் தடவி நானே கண்டுபிடித்தேன்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லும், பயிற்சியில் கொடுத்த ஸ்கிரிப்டை, தூக்கம் வராமல் வந்த ஒரு பெண்மணிக்கு அப்படியே வாசித்தேன். அலை என்ற சொல் வந்ததும் அவர் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன. 2004 சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். நான் கேட்டிருக்கவே இல்லை. உடனே கண்ணைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். அடுத்த முறை இடத்தை அவரே சொன்னார்: சித்தி வீட்டுத் திண்ணை, உள்ளே ஓடும் தையல் மெஷின் சத்தம். அதில்தான் அவருக்குத் தூக்கம் கூடி வந்தது. அன்றிலிருந்து இடத்தைக் கேட்காமல் நான் தொடங்குவதில்லை.

எதற்குப் பயன்படுகிறது? என் அனுபவத்தில் பதற்றம், வலி, அப்புறம் ஐ.பி.எஸ். என்கிற குடல் தொந்தரவு. கடைசியாகச் சொன்னதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது: மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு செய்த ஆய்வு 1984-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு ட்ரான்ஸ் (ஹிப்னாஸிஸில் ஆழ்ந்துபோகும் நிலை) வராது என்பதையும் மனதில் வையுங்கள். ஒருவர் எவ்வளவு எளிதில் ஹிப்னாஸிஸுக்கு உட்படுவார் என்று அளக்க 1959-இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலின் 12 சோதனைகளையும் வகுப்பில் செய்து பார்த்தோம், எங்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசம்.

பின்னால் வேறொரு இடத்தில் வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். அங்கே முற்பிறவிக்கு அழைத்துப்போகச் சொல்லிக்கொடுத்தார்கள், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஹிப்னாஸிஸில் வரும் நினைவு நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் அது நிஜம் என்ற நம்பிக்கை மட்டும் கூடிவிடும். ஏற்கெனவே உடைந்து போய் வருகிறவர்களிடம் அதைச் செய்வது பெரிய அநியாயம்.

சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஏற்கெனவே சிகிச்சை அளிக்கத் தகுதி இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஹிப்னாஸிஸ் இல்லாமல் உங்களால் கையாள முடியாத நோயை ஹிப்னாஸிஸோடும் தொடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், பயிற்சி முடிந்த பிறகு எத்தனை மாதம் மேற்பார்வை தருவார்கள் என்று கேளுங்கள். எனக்கு மூன்று மாதம் கிடைத்தது, ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும்.