சில்லறைக் காசு லிங்கனும் அம்மாவின் ஓட்டும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் டெட்ராய்ட்டிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ யாராவது ஒரு நண்பர் போன் போட்டுவிடுவார். "உங்க ஊர்ல ஆர்ட்பிரைஸ் நடக்குதாமே, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வரலாமா?" கிராண்ட் ரேப்பிட்ஸ் பக்கத்தில் குடியிருக்கிற பாவத்துக்குப் பத்துப் பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன். தாராளமாக வாங்க. ஆனால் பரிசு வாங்கியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாதீங்க.

கேள்விப்படாதவர்களுக்கு: மிச்சிகன் மாநிலத்தில் ஆம்வே நிறுவனரின் பேரன் ரிக் டிவோஸ் 2009இல் தொடங்கிய கலைப் போட்டி இது. ஊரின் மையப் பகுதியில் இடம் வைத்திருப்பவர் யாரும் சுவரைத் தரலாம். மியூசியம், பேங்க், சர்ச், பீட்சா கடை, முடிவெட்டும் கடை எதுவும் விலக்கல்ல. வரைகிறவர், செதுக்குகிறவர், தைக்கிறவர் யாரும் கொண்டுவந்து வைக்கலாம். யாருக்குப் பரிசு என்பதைத் தெருவில் நடந்து போகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். முதல் ஆண்டில் முதல் பரிசு 2,50,000 டாலர். கூட்டம் சேர்ந்த ஆண்டுகளில் 1,500 படைப்புகளுக்கு மேல் வந்தன. சுற்றிப் பார்க்கக் காசு கிடையாது.

2017இல் அம்மா ஆறு மாத விசாவில் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்கு ஓவியம் என்றால் காலண்டர். கலை என்றால் கோலம். இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் மொத்தத்தையும் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிற ஆள். மார்கழிக் குளிரில் அப்பா வாசலில் நின்று "போதும் விடேன்" என்று கெஞ்சுவது இன்னும் காதில் இருக்கிறது.

அவளை நிறுத்திவைத்தது ஒரு லிங்கன் படம். 24,000க்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகளால் ஆன ஆபிரகாம் லிங்கன். ரிச்சர்ட் ஷ்லாட்டர் என்பவர் செய்தது. வெளிச்சம் விழும் இடத்துக்குப் புதுக் காசு, நிழலுக்குக் கைமாறிக் கைமாறிக் கறுத்த காசு. ஒவ்வொரு காசிலும் அதே லிங்கன் தலை வேறு. தள்ளி நின்றால் ஒரு முகம், கிட்டே போனால் வெறும் சில்லறை.

"ஏல, இத ஒட்டி முடிக்க எத்தன நாளாயிருக்கும்?"

"தெரியலம்மா."

"ஒரு காசு கோணலா இருக்கா பாரு. இல்ல."

விரலைக் காற்றில் வைத்து வரிசை வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தியும் அதையே செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, ஆனால் ஒரே வேலை. அப்புறம் போட்டியின் செயலியில் நான் அந்தப் படத்தின் ஓட்டு எண்ணை அடித்துக் கொடுக்க, அம்மா பட்டனை அழுத்தினாள். அமெரிக்காவில் அவள் போட்ட ஒரே ஓட்டு அதுதான்.

லிங்கன் ஜெயித்தார். 2,00,000 டாலர். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "சரக்கு விலை 240 டாலர், நல்ல லாபம்" என்று மறுநாள் ஆபீஸில் கிண்டலடித்தேன். அம்மாவின் ஆள் ஜெயித்துவிட்டார் என்று வீட்டில் கேசரி வேறு.

என் எரிச்சலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மக்கள் ஓட்டில் பெரிய பரிசு வாங்கியவற்றை வரிசையாகப் பாருங்கள். 2010இல் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரிகளின் 28 அடிப் பென்சில் ஓவியம். 2011இல் கண்ணாடித் துண்டுகளால் ஆன சிலுவையேற்றம். 2012இல் யானைகள், மறுபடி பென்சில். 2013இல் ஏரிக்கரை மணல்மேட்டைத் துணியில் தைத்த குவில்ட். அதைச் செய்த ஆன் லவ்லெஸ் 2015இலும் இன்னொரு குவில்ட்டுக்கு ஜெயித்தார். 2016இல் போரில் அடிபட்ட வீரர்களைப் போலக் கால் இழந்த மர நாய்கள். எதுவும் மோசமில்லை, அந்த நாய்களுக்கு முன்னால் நானே கண்ணைத் துடைத்தேன். ஆனால் எல்லாமே பெரிசு. எல்லாமே என்னவென்று பார்த்தவுடன் தெரியும். "யப்பா, எவ்வளவு வேலை!" என்று சொல்ல வைக்கும். சிறிய படம், மூன்றாவது மாடி, கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் என்றால் தேர்தலில் டெபாசிட் காலி.

தேர்தல் என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு படைப்புக்கும் ஓட்டு எண் உண்டு. அதை அச்சடித்த அட்டையோடு கலைஞர்கள் தங்கள் படைப்புக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பார்கள். நின்று பேசுவது நல்லதுதான், வேறெங்கே இப்படிச் செய்தவரிடமே நேரில் கேட்க முடியும்? ஆனால் ஒரு முறை ஒரு மது பாரின் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்த சின்ன நீர்வண்ண ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்த பெண் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டைக் கட்டு, பிரிக்கவே இல்லை. நான் ஒன்று கேட்டேன். "நீங்கதான் இன்னிக்கு முதல் ஆள்" என்றார். மணி நாலரை.

சரி, அப்படியானால் மக்களுக்கு ரசனை இல்லை என்று முடித்துவிடலாமா என்றால் 2014 குறுக்கே வந்து நிற்கிறது. லாகூரில் பிறந்த அனிலா குவாயும் ஆகாவின் 'இன்டர்செக்ஷன்ஸ்'. கலை மியூசியத்தில் ஓர் அறை முழுக்க அது ஒன்றுதான். நுணுக்கமாக வெட்டிய ஆறரை அடி மரப்பெட்டி, உள்ளே ஒரே ஒரு விளக்கு. அவ்வளவுதான் பொருள். மற்றதெல்லாம் நிழல். சுவரில், கூரையில், தரையில், உள்ளே வருகிற எல்லோர் மேலும் அந்தப் பூவேலை விழும். என் மனைவியின் வெள்ளை ஸ்வெட்டர் ஒரு நொடியில் பனாரஸ் புடவை ஆகிவிட்டது. தவழும் குழந்தை ஒன்று தரையில் கிடந்த நிழலைப் பிடுங்கப் பார்த்தது. லாகூரில் பெண் என்பதால் மசூதிக்குள் இடமில்லாமல் வளர்ந்தவர், யார் வந்தாலும் எல்லார் மேலும் ஒன்றுபோல நிழல் விழும் அறையைச் செய்திருக்கிறார். மிச்சிகனின் இந்தப் பக்கம் தேவாலயங்கள் நிறைந்த, பழமைப்பற்று மிகுந்த ஊர். அந்த ஊர் மக்கள் இதற்கே முதல் பரிசைக் கொடுத்தார்கள். மக்கள் ஓட்டோடு சேராமல் நடுவர்கள் தனியே தரும் பெரும் பரிசிலும் பாதி இதற்குத்தான். மீதிப் பாதி தலைமுடிப் பின்னலைக் கலையாக வைத்த சோன்யா கிளார்க்குக்கு. அன்றைக்கு நான் போட்ட ஓட்டு ஜெயித்தது. அப்போது எனக்கு மக்கள் ஓட்டின் மேல் ஒரு புகாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவர் பரிசு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2014இலிருந்து சில ஆண்டுகள் இரண்டு பெரும் பரிசும் சமமாக இருந்தன, தலா 2,00,000 டாலர். இதற்குத்தான் என் மதிப்பெண்ணில் பாதி நட்சத்திரம் கூடப் போடுகிறேன். 2017இல் லிங்கனுக்கு எதிர்ப்பக்கம் நடுவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு சாப்பாட்டை. சேட்டு ஜோன்ஸ் என்ற கலைஞர், வீடற்றவர்கள் நிறைய இருக்கும் ஹார்ட்சைட் பகுதிப் பூங்காவில் நீள மேசை போட்டு சுமார் 250 பேரைச் சேர்த்து உட்கார வைத்தார். உள்ளூர்க் காய்கறி, உள்ளூர்ச் சமையல். அந்தப் பகுதியில் நல்ல உணவு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் படைப்பு. டிவியில் முடிவு வந்தபோது அம்மாவுக்கு நம்ப முடியவில்லை.

"பந்தி போட்டதுக்கா பரிசு?"

"ஆமாம்மா."

"அப்போ நம்மூரு ஆடித்தபசுத் திருவிழாப் பந்திக்கு எத்தன லட்சம் தரணும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "யாரு பக்கத்துல யாரு உக்காந்தாங்கன்னு கேட்டியா?" என்றாள். நடுவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் கேள்வி அதுதான்.

போகிறவர்கள் ஊர் நடுவில் நிற்கும், அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் சிவப்பு எஃகுச் சிற்பத்தையும் பார்த்துவிடுங்கள். 43 அடி உயரம். போட்டியில் இல்லாதது, 1969இலேயே வந்துவிட்டது. வந்த புதிதில் ஊரில் பலர் திட்டித் தீர்த்தார்கள். இன்று அதே உருவம்தான் நகராட்சியின் சின்னம், குப்பை லாரியில்கூட இருக்கிறது. 1969இல் கைப்பேசியும் கட்டைவிரலும் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பெரிய குதிரை நின்றிருக்கும் என்பது என் சொந்தக் கணிப்பு.

போட்டியை நடத்திவந்த பழைய அமைப்பு 2022இல் மூடியது. இப்போது நகராட்சி, நகர மைய அமைப்பு, கெண்டால் கலைக் கல்லூரி மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். வார நாளில், மதியத்துக்கு முன்னால் வாருங்கள். சனிக்கிழமை என்றால் பார்க்கிங்குக்கே பொழுது போய்விடும். நல்ல ஷூ, முழு சார்ஜ். வாசலிலேயே கூட்டம் நிற்கிற இடத்தைக் கடைசிக்கு வைத்துவிட்டு மாடிப்படி ஏறுங்கள். பிள்ளைகளிடம் ஓட்டுப் போடும் வேலையைக் கொடுத்துவிட்டால் நாலு மணி நேரம் ஒரு படத்தையும் விடாமல் பார்ப்பார்கள். ஓட்டு இல்லாத மியூசியத்தில் என் மகள் இருபது நிமிடம் தாங்கியதில்லை.

அம்மா இப்போது ஊரில் இருக்கிறாள். கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். போன பொங்கலுக்குத் தெருவில் கோலப் போட்டி வைத்தார்களாம். நடுவர் கிடையாது, வாட்ஸ்அப்பில் வருகிற கட்டைவிரலைத்தான் எண்ணுவார்களாம். படத்தை அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். "பார்த்துட்டுப் போடு, சும்மா போடாத" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்தொரு புள்ளிச் சிக்கு. வலது ஓரத்தில் ஒரு புள்ளியைக் கோடு சுற்றாமல் விட்டுப் போயிருந்தது.

கட்டைவிரல் போட்டேன். மனைவி போனிலிருந்தும் ஒன்று.