ஏசி நாற்றம்: ஃபோமா, ஓசோனா, டாஷ்போட்டைக் கழற்றுவதா?

திருகோணமலையில் ஏசி உள்ள வாகனம் ஓட்டுகிற யாருக்கும் இந்த வாடையைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும், முதல் ஒரு நிமிடத்துக்கு, காயாத துவாயை மடித்து வைத்தது போல ஒரு புளிச்ச மணம். குளிர் ஏற ஏற அது குறைந்துவிடும். குறைந்துவிடுவதால்தான் பலர் மாதக்கணக்கில் அதோடேயே ஓடித் திரிகிறார்கள்.

வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெர்ஃபியூம் தொங்கவிடு, பில்டரை மாற்று, ஃபோம் அடி, ஓசோன் போடு, டாஷ்போட்டைக் கழற்றிக் கழுவு. இவை ஒரே வேலையைச் செய்கிற ஐந்து வழிகள் அல்ல. ஒவ்வொன்றும் வாகனத்தின் வேறு வேறு இடத்தைத் தொடுகிறது. நாற்றம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வது காசை வீசுகிற வேலை.

பிறப்பிடம் பெரும்பாலும் காற்றைக் குளிர வைக்கிற கூலிங் கொயில். நம்முடைய வலது கை ஓட்டு வாகனங்களில் அது டாஷ்போட்டுக்குள், இடது பக்க இருக்கைக்கு முன்னால் உள்ள ஏசி பெட்டிக்குள் இருக்கிறது. ஏசி ஓடும்போது அதன் மேற்பரப்பு 0 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். காற்றில் உள்ள ஈரம் அதில் தண்ணீராகப் படிந்து, ஒரு சின்ன ரியூப் வழியாக வாகனத்துக்கு அடியில் சொட்டும். மூன்று பக்கமும் கடல் அணைத்த இந்த ஊரில் அந்தத் தண்ணீர் கொஞ்சமாக வராது. ஈரத் தகடுகளில் தூசியும் பூந்தாதும் ஒட்டிக்கொள்ளும். வாகனத்தை நிறுத்தியபின் உள்ளே இருட்டு, வெக்கை, ஈரம். பூஞ்சணமும் பக்டீரியாவும் வளர வேறென்ன வேண்டும்? அடுத்த நாள் காற்றை ஊதும் பான் (காற்றாடி) சுழன்றதும் முதலில் வருவது அவற்றின் மூச்சுத்தான்.

ஆனால் எல்லா நாற்றமும் கொயில் நாற்றமல்ல. இனிப்பு வாடை வந்து, முன் கண்ணாடி உள்ளே பிசுபிசுப்பாக மூடினால் உள்ளே சூடு தருகிற ஹீட்டர் கோரிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. பெற்றோல் மணம் அல்லது வயர் கருகும் மணம் என்றால் வாகனத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃபோமும் ஓசோனும் அங்கே பிரயோசனமில்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று மீன். உள்காற்றைச் சுழற்றும் பட்டனை அழுத்தியிருக்கும்போது, பல வாகனங்களில் ஏசி காற்றை இழுப்பது இடது பக்கக் கால் வைக்கிற இடத்திலிருந்து. சந்தையில் வாங்கிய மீன் பையை நாம் வைப்பதும் அங்கேதான். கார்பெட்டில் ஊறிய மீன் தண்ணீரை ஏசி இழுத்து எல்லோர் முகத்திலும் வீசும். பழி கொயிலுக்குப் போகும். கார்பெட்டைத் தூக்கி, கீழே உள்ள பஞ்சைக் கழுவி, வெயிலில் காயப் போடுவதைத் தவிர அதற்கு மருந்தில்லை. கருவாட்டுக்கும் இதே கதைதான்.

மணத்தை மணத்தால் மறைப்பது

பெர்ஃபியூம், எலுமிச்சம்பழம், கோப்பித்தூள் எல்லாம் இந்த வகை. சாம்பிராணிப் புகை போடுகிறவர்களும் உண்டு. பக்திக்குப் போடுங்கள், தவறில்லை. ஏசிக்கு மருந்தாகப் போட்டால் புகையின் பிசின் பில்டரிலும் ஈரக் கொயிலிலும் ஒட்டி, தூசி பிடிக்கப் புதிதாக ஒரு படலம் உண்டாகும்.

சிரட்டைக் கரியைத் துணியில் கட்டி வைப்பது இவற்றை விடப் பரவாயில்லை. ஆனால் அடுப்புக் கரிக்கும், இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் சிரட்டை அக்டிவேட்டட் கார்பனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பின்னதை உயர்ந்த வெப்பத்தில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். மணத்தைப் பிடிப்பது அந்தத் துளைகள்தான். சாதாரணக் கரியில் அவை மிகக் குறைவு.

பில்டர் மாற்றுவது

இருப்பதில் சுலபமான வேலை. பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் சாமான் வைக்கிற இடது பக்க டாஷ்போட் பெட்டியைக் கழற்றினால் பின்னால் பில்டர் தெரியும்; கருவி கூடத் தேவைப்படாது. 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. நிலாவெளிப் பக்கம் மணலிலும் தூசியிலும் ஓடுகிற வாகனத்துக்கு அது காணாது. வேம்பு, வாகை மரங்களுக்குக் கீழே நிறுத்துகிறவர்கள் பில்டரை இழுத்துப் பார்த்தால் ஒரு குப்பைக் கூடையே இருக்கும். சில பழைய சின்னக் கார்களில் பில்டரே கிடையாது. குப்பை நேரே கொயிலுக்குப் போகும்.

கார்பன் பூசிய பில்டர் விலை கூட. அது நாற்றத்தைப் பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எந்த நாற்றத்தை? காற்று முதலில் பில்டரைத் தாண்டி, பிறகுதான் கொயிலுக்குப் போகிறது. முன்னால் போகிற பஸ்ஸின் டீசல் புகையை அந்தப் பில்டர் நன்றாகவே குறைக்கும். கொயிலில் பிறந்த பூஞ்சண வாடையோ பில்டருக்கு அப்பால் பிறக்கிறது. அங்கிருந்து நேரே உங்கள் மூக்குக்கு வரும். உள்காற்றுச் சுழற்சியில் அது திரும்பி வரும்போது கொஞ்சம் பிடிபடும், அவ்வளவுதான். ஆகவே பில்டரை மாற்றியும் நாற்றம் போகவில்லை என்றால் பில்டர் கூடாத சாமான் என்று அர்த்தமில்லை.

தண்ணீர் ரியூப்பும் ஃபோமும்

எனக்குக் கேட்டால் அதிகமான வாகனங்களுக்குச் சரியான விடை இங்கேதான் இருக்கிறது. முதலில் ரியூப். ஏசியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் நின்றும் வாகனத்துக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லையா? இடது பக்கக் கார்பெட் நனைந்திருக்கிறதா? திரும்பும்போது டாஷ்போட்டுக்குள் தண்ணீர் சலசலக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ரியூப் அடைத்துவிட்டது. மண்ணும் இலைத்தூளும் பிசினும் சேர்ந்து அடைக்கும். கொயில் பெட்டிக்குள் பழைய தண்ணீர் தேங்கி நிற்கும்வரை எதை அடித்தாலும் நாற்றம் திரும்பி வரும். கீழேயிருந்து மெல்லிய வளையும் பிளாஸ்ரிக் குழாயைக் கவனமாக விட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரைக்கும் புது வாகனம் வராமல் கிடந்ததில், வீதியில் ஓடுபவற்றில் பழையவை நிறைய. அவற்றில் பலவற்றின் ரியூப்பை ஒருவரும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்தது ஃபோம். நீளக் குழாயோடு வரும் ஸ்ப்ரே அது. எஞ்சினையும் பானையும் நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீர் ரியூப் வழியாகவே உள்ளே ஏற்றலாம். நுரை பொங்கிக் கொயிலை மூடி, பிறகு கரைந்து அழுக்கோடு அதே வழியால் வடியும். மண்ணிறத் தண்ணீர் வந்தால் வேலை நடந்திருக்கிறது. டின்னில் சொன்ன நேரம் காத்திருந்து, கண்ணாடிகளைத் திறந்து பானை மெதுவாக ஓட விட வேண்டும்.

சில கராஜ்களில் பில்டரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையால் அடிப்பார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வாகனத்தில் பில்டருக்கு அடுத்தது கொயிலா, பானா?” பல ரொயோட்டாக்களில் பில்டருக்குக் கீழே இருப்பது பான். நுரை பான் மோட்டருக்குள் போகுமே தவிர, கொயிலில் நன்றாகப் படியாது. வேலை தெரிந்த ஏசி பாஸ் என்றால் பானுக்கும் கொயிலுக்கும் இடையில் இருக்கும், பானின் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றி அந்த வழியால் அடிப்பார், அல்லது கீழிருந்து ஏற்றுவார். வீட்டு ஏசி கழுவுகிற கடுமையான இரசாயனத்தை மட்டும் யாரும் இதற்குள் விட அனுமதிக்காதீர்கள். அது அலுமினியத்தை அரிக்கும். அதன் ஆவியை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள்.

காலடியில் வைத்து அமுக்கிவிட்டுக் கதவை மூடுகிற புகை டின்னும் விற்கிறது. ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் விட்டால் புகையை அது இழுத்துக்கொள்ளும். நாற்றம் தொடங்குகிற கட்டத்தில் உதவும். கொயிலில் வழுவழுப்பு கட்டியபின் மேலோடு தடவியதுதான். ஆட்கள் வெளியே நிற்க வேண்டும், நெருப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது, மத்தியான வெயிலில் நின்று கொதிக்கும் வாகனத்துக்குள் டின்னை விட்டுவைக்கவும் கூடாது. இப்படியான டின்களில் 50 பாகைக்கு மேல் சூடாக்காதே என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். கண்ணாடி மூடிய கார் அதை எட்டுவதற்கு நம் சித்திரை வெயில் போதும்.

ஓசோன்

மெஷினை உள்ளே வைத்து அரை மணி நேரம் ஓட விட்டால் ஆஸ்பத்திரி போலச் சுத்தமாகும் என்று விளம்பரம் செய்வார்கள். ஓசோன் மூன்று ஒட்சிசன் அணு கொண்ட வாயு. தொட்டதையெல்லாம் ஒட்சியேற்றும். சீற்றில் ஊறிய சிகரெட் மணம், பழைய வாந்தி மணம் போன்றவற்றுக்கு அது உண்மையிலேயே கேட்கும். ஆனால் கொயிலில் ஒட்டிய அழுக்கு அங்கேயே இருக்கும். அழுக்கும் ஈரமும் இருந்தால் பூஞ்சணம் மறுபடி வரும். வாடகை வான் வைத்திருப்பவர்கள் இரண்டு கிழமையில் திரும்பப் போவது இதனால்தான்.

தொட்டதையெல்லாம் என்றேன் அல்லவா, அதில் நம் நுரையீரலும் அடக்கம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்; இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். அடிக்கடி போட்டால் கதவு ரப்பரும் பாதிக்கப்படும். முடிந்தபின் எல்லாக் கதவையும் திறந்து நன்றாகக் காற்றோட விடாத இடத்தில் செய்யாதீர்கள். ஃபோமுக்கும் இதற்கும் நடுவே தெரிவு செய்யச் சொன்னால் நான் யோசிக்காமல் ஃபோமைத்தான் சொல்வேன். முதலில் கழுவிவிட்டு, சீற்றில் மணம் மிஞ்சினால் ஓசோன், அந்த வரிசையில் மட்டும்.

காசில்லாத வழி, ஆனால் காற்றைப் பார்த்து

வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்து, பானை ஓட விடுவது. கொயில் காய்ந்துவிடும். நிலாவெளியிலிருந்து டவுணுக்கு வருகிறவர் உப்புவெளியை அடையும்போது அணைத்தால் போதும். சில புதிய வாகனங்கள் நிறுத்தியபின் தாமாகவே பானைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் கொயிலைக் காய வைக்கும். சத்தம் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் காற்றே காய்ந்த காற்று. வடகிழக்கு வாடைக்காற்றுக் காலம் வேறு. கார்த்திகை, மார்கழியில் வெளிக்காற்றே ஈரம் குடித்து நிற்கும்போது ஐந்து நிமிடத்தில் என்ன காயும்? அப்போது பத்து, பதினைந்து நிமிடமாவது விட வேண்டும். ஹீட்டரைப் போட்டால் கொயில் காயும் என்று சிலர் சொல்வதை நம்பி வியர்க்க வேண்டாம். காற்றோட்டத்தில் ஹீட்டர் இருப்பது கொயிலுக்குப் பின்னால். வெளிக்காற்றில் ஓடும்போது அந்தச் சூடு கொயிலைத் தொடவே தொடாது.

இந்தப் பழக்கம் கழுவிய கொயிலைக் காப்பாற்றும். ஏற்கெனவே நாறுகிற கொயிலைக் கழுவாது.

டாஷ்போட்டைக் கழற்றுவது

செலவிலும் நேரத்திலும் முதலிடம். ஃபோம் இரண்டு முறை அடித்தும் போகவில்லை, பில்டர் இல்லாமல் ஓடிக் கொயில் குப்பையால் மூடிவிட்டது, அல்லது உள்ளே எலி செத்துக் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் வேறு வழியில்லை. மெல்லிய கமராவை உள்ளே விட்டுக் கொயிலைக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் பஞ்சு போர்த்தது போல் தெரிந்தால் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் “கழற்றினால்தான் போகும்” என்கிற இடத்தில் வாகனத்தை விடாதீர்கள். டாஷ்போட்டைக் கழற்றிப் பூட்டிய பிறகு கிளிப் உடைந்து கடகடவென்று சத்தம் வருவது சாதாரணம். ஏர்பேக் வயர்களும் அந்த வழியில்தான் போகின்றன.

கொயிலை வெளியே எடுப்பதென்றால் அதற்குள் ஓடுகிற குளிரூட்டும் காஸையும் எடுக்க வேண்டும். அதைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினால் உறிஞ்சுகிறார்களா என்று பாருங்கள். கழற்றிய இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) புதிதாகப் போடச் சொல்லுங்கள். கொயில் உப்புப் பூத்து அரித்திருந்தால் கழுவுவதில் அர்த்தமில்லை, மாற்றத்தான் வேண்டும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் இன்னொன்று. அவற்றில் காஸை அமுக்குகிற கொம்பிரஸர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுவது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஓயில் உண்டு. சாதாரணக் காருக்கு விடுகிற ஓயில் கலந்தால் கொம்பிரஸரின் மின் காப்பு கெடும். காஸ் திரும்ப அடிக்கும் முன் எந்த ஓயில் விடப்போகிறார்கள் என்று கேளுங்கள். டின்னைக் காட்டத் தயங்கினால் வேறு கராஜ் பாருங்கள்.