ரூ. 18,500 கொடுத்து அப்பாயியின் கிருஷ்ணரைத் தொலைத்தேன்: பழைய தஞ்சாவூர்ப் படம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் பழைய தஞ்சாவூர்ப் படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். படம் வந்து நான்கு நாள்தான் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் படம் வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக் கிருஷ்ணர். அப்பாயி கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே வந்தது. பலாப்பலகை, தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி, படத்தின் கீழ் மூலையில் பூச்சு உப்பிப் பெயர்ந்தது. சட்டத்திலிருந்தும் உளுத்த மாவு கொட்டத் தொடங்கியது. மழைச்சாரல் அடிக்கும் சுவரில் மாட்டியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கே ஆள் அனுப்பும் கைபேசிச் செயலி ஒன்று. பெயர் வேண்டாம். குழாய் ரிப்பேருக்கு அதில்தான் ஆள் கூப்பிடுவேன், ஒழுங்காக வந்து போவார்கள். அதே செயலியில் ‘பழம்பொருள் புதுப்பித்தல்’ என்று ஒரு பிரிவைப் பார்த்தேன். குழாய்க்காரர் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கையை இவனுக்குக் கொடுத்தேன்.

வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். குழாயடியில் கால் கழுவினான். பூஜை அறை நிலைப்படியில் நின்று, “அம்மா, முதலில் சாமியிடம் உத்தரவு கேட்டுக்கொள்கிறேன்” என்று கண்ணை மூடினான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். பிறகு கண்ணாடியில் கைபடாமல், குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னான்: பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டியிருக்கிறார்கள், அதன் மேல் சுக்கான் பொடி (சுண்ணாம்புக்கல் தூள்) பூசி மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள், புடைப்பாகத் தெரியும் நகைகளும் அதே சுக்கானும் பசையும்தான், மேலே இருப்பது அசல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), “இத்தனை வருடத்தில் கறுக்கவில்லை பாருங்கள் அம்மா.”

பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால்கூட மனம் ஆறும். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. தொழில் தெரிந்தவன். “மூலையை மட்டும்தான் தொடுவேன், முகத்தில் தூரிகை படாது” என்றான். “நல்லது தம்பி” என்று டிகிரி காப்பி வேறு கலந்து கொடுத்தேன்.

மொத்தம் 18,500 ரூபாய். முதலில் 10,000, அது செயலி வழியாக. மீதி 8,500-ஐ, “கமிஷன் பிடித்துக்கொள்வார்கள் அம்மா” என்று சொல்லித் தன் எண்ணுக்கே அனுப்பச் சொன்னான். ரசீதில் ‘ஓவியம் - 1’. அவ்வளவுதான். அளவு இல்லை, என்ன சாமி என்றுகூட இல்லை.

மூன்று வாரம் என்று சொல்லிப் படத்தை எடுத்துப்போனவன், 41-ஆம் நாள் இரண்டு பையன்களிடம் பொதிந்து கொடுத்தனுப்பினான். வெயில் படக்கூடாதாம், பொழுது சாய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டுமாம். பிரிக்காமலே 8,500 அனுப்பினேன். என் மகன் அந்தப் பொதியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்து, “என்னம்மா, இவ்வளவு லேசாக இருக்கிறது?” என்றான். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

பிரித்தால் நீலக் கிருஷ்ணர்!

எங்கள் கிருஷ்ணர் வெள்ளை. பழைய தஞ்சாவூர்ப் படங்களில் குழந்தைக் கிருஷ்ணரை வெள்ளையாகத் தீட்டுகிற வழக்கம் உண்டு. வந்திருப்பவர் கடைத்தெருப் பொம்மை போலப் பளபளக்கும் நீலம். தங்கம் இருந்த இடத்தில் இனிப்புப் பெட்டிக் காகிதம் மாதிரி ஒன்று மினுங்குகிறது. பழைய கண்ணாடிக் கற்கள் போய் பிளாஸ்டிக் கற்கள். பின்னால் திருப்பினேன், பிளைவுட். பலாப்பலகையின் பின்பக்கத்தில் தாத்தா பென்சிலால் ஐந்து பிள்ளைகளின் பிறந்த நாளும் நட்சத்திரமும் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது வரி என் அப்பா. அந்தப் பலகையே இல்லை.

அவனை அழைத்தேன். “பாலிஷ் போட்டால் அப்படித்தான் தெரியும் அம்மா, ஆறு மாதத்தில் பழைய நிறம் வந்துவிடும்.” பிளைவுட் எப்போது பலாவாகும் என்று கேட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்றான். இன்னும் ஓட்டிக்கொண்டேயிருக்கிறான் போல.

செயலிக்காரர்களோ, “மேடம், இரு தரப்பையும் இணைத்துவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை” என்கிறார்கள். மீதிப் பணத்தை வெளியே கொடுத்ததால் அதற்குப் பொறுப்பில்லையாம். முன்பு எடுத்த படம் கேட்டார்கள். பொங்கலன்று எடுத்தது ஒன்றுதான் இருந்தது, அதில் கிருஷ்ணரின் பாதியைக் குழந்தைகளின் தலை மறைக்கிறது. ‘படம் தெளிவாக இல்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. 18,500 ரூபாய்க்கு ஆறுதலாக 300 ரூபாய்க் கூப்பன் ஒன்று. ஏ.சி. சுத்தம் செய்ய. எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். முடித்துவைத்தோம் என்று ஒரு வரி அனுப்பினால் அது தீர்வாகுமா?

இப்படிப்பட்ட படங்களைப் பாதுகாப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முன், பின், பக்கவாட்டு என்று எல்லாப் பக்கமும் இன்றே படம் எடுத்துவையுங்கள். எடை போட்டு எழுதிவையுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மாட்டினால் பின்னால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். வேலை செய்வதானால் வீட்டிலேயே, உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காப்பதற்கென்றே ஒரு வேதியியல் கூடம் 1930-இலிருந்து இருக்கிறதாம். 18,500 போன பிறகு சித்தப்பா மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். முதலில் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பலகையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அண்ணன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “அது எங்கே ஓடிவிடப் போகிறது” என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.